கரையொதுங்கும் பிளாஸ்டிக் மணிகளை எண்ணுவது எப்படி

2021 மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தூரத்தில் நங்கூரமிட்டு நின்ற எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் நின்று பார்த்தால் வடக்கே புகை தெரிந்தது. கொரோனாப் பயணத்தடைக் காலம் அது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் ரயில் பாதை, அதற்கு அந்தப் பக்கம் கடல். ஐந்து நிமிட நடைதான், ஆனால் போக முடியவில்லை. தடை தளர்ந்த பிறகு இறங்கிப் போனேன். அலை விட்டுச்சென்ற குப்பை வரிசையில் யாரோ சவ்வரிசியைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் வெள்ளை மணிகள் கிடந்தன.

என்னோடு மேல்மாடிப் பிள்ளையும் வந்திருந்தாள். அப்போது உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தவள். "ரீச்சர், இதெல்லாம் அந்தக் கப்பலிலிருந்து வந்ததா, இல்லாட்டி முந்தியும் கிடந்ததா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கரையில் நடந்திருக்கிறேன். வகுப்பறையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்றால் என்ன என்று எத்தனையோ தொகுதிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். ஆனால் என் வாசலில் இருக்கிற கரையில் ஒரு சாதாரண நாளில் எத்தனை மணி கிடக்கும் என்று குனிந்து பார்த்ததில்லை. அனர்த்தம் நடந்த பிறகு எத்தனை பேர் வந்து எண்ணினாலும், அதற்கு முந்திய எண் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை கிடையாது.

அந்த வருடம் ஒக்ரோபரில் ஒரு கொப்பி தொடங்கினோம். இன்னும் எழுதுகிறோம். நீங்கள் தெஹிவளையிலோ மட்டக்குளியிலோ நீர்கொழும்பிலோ இருந்தால் அதே வேலையை அங்கே செய்யலாம். என்னென்ன வேண்டும், எங்கே பிழைக்கும் என்பதை எங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

இந்த மணிகளை நர்டில் என்று சொல்வார்கள். பிளாஸ்டிக் பொருள் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் போகும் மூலப்பொருள் இதுதான். 2 முதல் 5 மில்லிமீற்றர் அளவு. உருண்டையாகவோ பருப்புப்போலத் தட்டையாகவோ இருக்கும். அந்தக் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் இருந்தது. ஒரு மணி 20, 25 மில்லிகிராம் என்று வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள், ஏழாயிரம் எண்ணாயிரம் கோடி வரும்.

பொலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த மணி தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. நல்ல தண்ணீரிலேயே மிதக்கும், கடல்நீரில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் இவ்வளவு தூரம் போய்க் கரையொதுங்குகிறது. மீனும் கடற்பறவையும் முட்டை என்று நினைத்து விழுங்கும். இன்னொரு விஷயம், கடலில் கரைந்திருக்கும் பி.சி.பி. போன்ற எண்ணெயில் கரையும் நச்சுகளை இந்த மணிகள் மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஜப்பானியப் பேராசிரியர் ஹிதேஷிகே தக்காடா 2005இல் தொடங்கிய சர்வதேச ஆய்வு முழுக்க இந்த உண்மையில்தான் நிற்கிறது. உலகின் எந்த மூலையிலிருந்தும் சாதாரண மக்கள் நூறு இருநூறு மணிகளைப் பொறுக்கி அலுமினியத் தாளில் சுற்றித் தபாலில் அனுப்புவார்கள். அவர் ஆய்வுகூடத்தில் அவற்றைச் சோதித்து அந்தந்தக் கரையின் மாசைக் கணிப்பார்கள். மஞ்சளேறிய மணிகளில் நச்சு கூடுதலாக இருப்பது அதில் தெரிந்தது. அவை கடலில் நெடுநாள் கிடந்தவை.

ஆகவே நிறம் முக்கியம். நாங்கள் நான்கு குவியலாகப் பிரிக்கிறோம்: புது வெள்ளை, மஞ்சளேறியது, சாயம் போட்டது, எரிந்தது. எரிந்தது என்றால் சாம்பல் நிறமாகவோ உருகி ஒன்றோடொன்று ஒட்டியோ இருக்கும். கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் தீப்பிடித்த ஐந்தாம் நாள் பமுனுகமக் கரையில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்தார்கள். எரிந்த துண்டுகளில் இருந்த இரசாயனக் கலவை எரியாத மணிகளில் இருந்ததைவிட மூன்று மடங்கு சிக்கலானது என்று கண்டார்கள். அதனால் எரிந்தவற்றை வெறும் கையால் தொடவே தொடாதீர்கள். வெள்ளை மணி எங்கிருந்தும் வரலாம். எரிந்த மணி தீயைக் கண்ட மணி, அதை வேறாக எழுதி வைத்தால் பின்னால் உதவும்.

மணி மாதிரித் தெரியும் மற்றவையும் உண்டு. சிறு நண்டுகள் உருட்டிப் போடும் மணல் உருண்டைகள் விரலில் உதிர்ந்துவிடும். றெஜிபோம் உருண்டை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். நர்டில் கல்லுப்போல இருக்கும், நகம் வழுக்கும். இரண்டு நாள் பழகினால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

சாமான்கள்

ஹாட்வெயார் கடையில் அரை அங்குல எஸ்லோன் குழாயும் நான்கு முழங்கை இணைப்பும் வாங்குங்கள். சதுரச் சட்டம் ஒன்று செய்ய வேண்டும். உள்ளளவு 50 சென்ரிமீற்றர், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வெளியளவு அல்ல. முழங்கை இணைப்பு கொஞ்ச நீளம் தின்னும், ஆகவே பொருத்திவிட்டு உள்ளே அளந்து பார்த்துத் திருத்துங்கள். அப்போதுதான் சட்டத்துக்குள் சரியாகக் கால் சதுர மீற்றர் இருக்கும்.

மேசன்மார் மணல் அரிக்கும் 5 மில்லிமீற்றர் கண் வலை ஒரு துண்டு, தேங்காய்ப்பால் வடிகட்டும் வடி ஒன்று, இரண்டு வாளி, அளவு நாடா, தடித்த கையுறை, சாமணம், வெள்ளைத் தட்டு. வடியை வாங்கிய பிறகு அதைச் சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம். எழுதுவதற்குப் பென்சில்தான், பேனை கூடாது. முதல் மழைக்காலத்தில் இரண்டு மாதக் கணக்கு மை கரைந்து ஊதாப் படலமாகிப் போனது. அந்த இரண்டு மாதத்தைத் திரும்ப எண்ண முடியாது.

காலில் மூடிய சப்பாத்து போடுங்கள். கண்ணாடித் துண்டு, ஊசி எல்லாம் கிடக்கும். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்துக்கு அண்மையில் மழைக்குப் பிறகு போகாதீர்கள். காலில் சிறு காயம் இருந்து அந்தத் தண்ணீர் பட்டால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். ரயில் பாதையைக் கடவையில் மட்டும் கடந்து போங்கள். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது, இதைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

எங்கே, எப்போது

எங்கள் கரையில் பெரும் பகுதி ரயில் பாதையைக் காக்கப் போட்ட கருங்கல்தான். கற்களுக்கிடையில் எண்ண முடியாது. நடுவில் 60 மீற்றர் நீளத்துக்கு மணல் இருக்கும் ஒரு துண்டைத் தெரிந்துகொண்டோம். இரண்டு முனையையும் அசையாத அடையாளத்தால் குறித்தோம், ஒன்று மின்கம்பம், மற்றது மழைநீர்க் குழாயின் வாய். "பெரிய கல்லிலிருந்து" என்று எழுதிவிட்டு வந்தால் அடுத்த மே மாதக் கடல் அந்தக் கல்லைப் புரட்டிப் போட்டிருக்கும்.

எப்போது போவது என்பதில் நான் கண்ட நல்ல வழி, போயா தினத்தில் போவது. விடுமுறை நாள், பிள்ளைகளும் வருவார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. போயா என்றால் பௌர்ணமி. பௌர்ணமியில் கடலேற்றமும் வற்றும் ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ ஒரே நேரத்துக்கு வரும். ஒவ்வொரு போயாவும் காலை அதே மணிக்குப் போனால் கடலும் ஏறத்தாழ அதே நிலையில் நிற்கும். கொழும்பில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லைதான். ஆனாலும் குப்பை வரிசை இரண்டடி மேலே போவதும் கீழே வருவதும் எண்ணிக்கையைப் புரட்டிவிடும். நாங்கள் காலை 7 மணிக்குத் தொடங்குகிறோம். வெசாக் அன்றும் போனோம், தைப்பூசத்தோடு சேர்ந்து வரும் போயாவில் கோயிலுக்குப் போகிறவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் போவார்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் மணலை அள்ளிக்கொண்டு போகும். சில மாதம் எங்கள் 60 மீற்றரில் பாதிதான் இருக்கும். டிசெம்பரில் மணல் திரும்பி வரும். கடல் கரடுமுரடாக இருந்தால் போகாதீர்கள், "போகவில்லை, அலை" என்று எழுதுங்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடவும் கூடாது, பூச்சியம் போடவும் கூடாது. எண்ணாத நாளும் எண்ணி ஒன்றும் கிடைக்காத நாளும் வேறு வேறு.

சட்டத்தை எங்கே வைப்பது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள். முதல் முறை போனபோது என்ன செய்தேன் தெரியுமா? மணிகள் தடித்துக் கிடந்த ஐந்து இடத்தைப் பார்த்துச் சட்டத்தை வைத்தேன். எண்ணிக்கை பெரிதாக வந்தது, பிள்ளைகளும் உற்சாகமாக எண்ணினார்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் போடும்போதுதான் உறைத்தது. என் கண் எங்கே போனதோ அதைத்தான் அளந்திருக்கிறேன், கரையை அளக்கவில்லை. ஆராய்ச்சியில் இது முதல் பிழை, மிகப் பெரிய பிழையும்கூட. அந்த நாளின் கணக்கைக் கொப்பியில் வைத்திருக்கிறேன், குறுக்கே கோடு போட்டு.

இப்போது 20 ரூபாய் நோட்டுகளில் இடத்தை எடுக்கிறோம். ஒவ்வொருவரும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தொடர் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்ணையும் வாசிப்பார்கள். 37 என்று வந்தால் மின்கம்பத்திலிருந்து நாடாவைப் பிடித்து 37ஆம் மீற்றர். 60ஐத் தாண்டினால் அடுத்த நோட்டு. இப்படி ஐந்து இடம். அந்த மீற்றரில் நேரே கடலை நோக்கி இறங்கி, கடைசி அலை விட்டுச்சென்ற குப்பை வரிசையின் நடுவில் சட்டத்தை வைக்க வேண்டும். சட்டம் விழுந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, அரை மீற்றர் தள்ளி நூறு மணி கிடக்கிறது என்றால் கை தானாக அங்கே நகரப் பார்க்கும். நகர்த்தக் கூடாது. என் தங்கையின் மகன் முதலில் இதற்கு அழுதே விட்டான், அவனுக்கு அப்போது ஒன்பது வயது. நான் வாயால் சொன்னதைவிட, கீழே எழுதியிருக்கிற கணக்கை இரண்டு வருடம் கழித்து அவனே போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது.

அரித்தலும் எண்ணுதலும்

சட்டத்துக்குள் மேல் மணலை இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு சிரட்டையால் வழித்து வாளியில் போடுங்கள். அது ஏறத்தாழ ஐந்து லீற்றர் மணல். முதலில் நாங்கள் ஐந்து சென்ரிமீற்றர் எடுத்தோம். ஐந்து சட்டத்துக்கு அறுபது லீற்றர் ஈரமணல், தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போனது. மூன்றாம் மாதமே வர ஆளில்லாத வேலை நல்ல முறையல்ல. நீங்கள் எந்த ஆழத்தை எடுத்தாலும் சரி, கடைசிவரை அதை மாற்றாதீர்கள்.

முதலில் 5 மில்லிமீற்றர் வலையில் அரித்தால் சிப்பி, குச்சி, போத்தல் மூடி எல்லாம் மேலே நிற்கும். கீழே விழுந்ததை வாளியில் போட்டுக் கடல்நீர் ஊற்றிக் கையால் நன்றாகக் கலக்குங்கள். இரண்டு நிமிடம் விடுங்கள். மணல் அடியில் போகும், மணி மேலே வரும். மேலே நிற்பதை வடியில் ஊற்றுங்கள். திரும்பக் கடல்நீர், திரும்பக் கலக்கல். மூன்று தடவை. பொலிஸ்ரைரின் போன்ற கொஞ்சம் பாரமான பிளாஸ்டிக்கும் வேண்டுமானால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 350 கிராம் உப்புக் கரைத்துப் பாவிக்கலாம். நாங்கள் மூன்று மாதம் இரண்டு முறையிலும் செய்து பார்த்தோம். எங்கள் மணிகளில் வித்தியாசம் தெரியவில்லை, ஆகவே கடல்நீரோடு நின்றுவிட்டோம்.

வடியில் நிற்பதை வெள்ளைத் தட்டில் கொட்டி, சாமணத்தால் நான்கு நிறமாகப் பிரித்து எண்ண வேண்டும். ஒருவர் எண்ணிச் சொல்லக் கூடாது. முதலாமவர் எண்ணித் தன் தாளில் எழுதி மடித்துவிட வேண்டும், அப்புறம் இரண்டாமவர் எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது தடவை. முன்னவர் எண்ணைக் கேட்டால் பின்னவரின் கண் அந்த எண்ணைத் தேடும், வளர்ந்தவர்களுக்கும் அப்படித்தான்.

வருடத்துக்கு இரண்டு தடவை நம்மையே சோதிக்க வேண்டும். இருபது மணிக்குச் சிவப்பு நகப்பூச்சுப் பூசிக் காயவிடுங்கள். ஒரு வாளி மணலில் யாருக்கும் தெரியாமல் கலந்து, அரிப்பவர்களிடம் கொடுங்கள். பதினெட்டு திரும்பி வந்தால் பத்துக்கு ஒன்பதைப் பிடிக்கிறோம் என்று அர்த்தம். முதல் சோதனையில் எங்களுக்குத் திரும்பியது பதின்மூன்றுதான். காரணம் தேடினோம். வாளியைக் கலக்கியவர்கள் கையை அடிவரை விடவில்லை. அடுத்த சோதனையிலிருந்து பதினெட்டுக்குக் குறையவில்லை. அதற்கு முந்திய மாதங்களின் பக்கத்தில் இதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

பூச்சியத்தை எழுதுங்கள்

ஒரு போயாவின் கணக்கு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ஐந்து சட்டத்தில் முறையே 3, 0, 7, 0, 2. மொத்தம் 12. ஐந்து சட்டமும் சேர்ந்து 1.25 சதுர மீற்றர். 12ஐ 1.25ஆல் வகுத்தால் ஒரு சதுர மீற்றருக்கு 9.6 மணி. இனி, "ஒன்றும் இல்லாத சட்டத்தை எதற்கு எழுதுவது" என்று இரண்டு பூச்சியத்தையும் விட்டுவிட்டால்? மூன்று சட்டம், 0.75 சதுர மீற்றர், அதே 12 மணி. இப்போது 16 வரும். கரையில் ஒரு மணிகூடக் கூடவில்லை, கொப்பியில் மட்டும் மாசு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

ஒன்றும் கிடைக்காத நாளில் பிள்ளைகள் வெறுங்கையோடு வந்த மாதிரி முகத்தைத் தொங்கப் போடுவார்கள். நான் அவர்களிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்து அவர்களையே பூச்சியம் போடச் சொல்வேன், திகதியும் பெயரும் எழுதச் சொல்வேன். இன்னொரு கப்பல் எரிந்தால் எல்லாரும் வந்து கேட்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

எண்ணோடு சேர்த்துக் காற்றின் திசை, முதல் நாள் மழை பெய்ததா, கரை யாராவது துப்புரவாக்கினார்களா என்பதையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது மறந்துபோகும், ஆனால் அதுதான் பல தடவை விடை. ஒருமுறை எண்ணிக்கை திடீரென விழுந்தது. முதல் நாள் பாடசாலைப் பிள்ளைகள் சிரமதானம் செய்திருந்தார்கள்.

மணிகள் மணலுக்குள் புதைந்தும் போகும். அதனால் மூன்று போயாவுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு சட்டத்தில் மட்டும் 20 சென்ரிமீற்றர் வரை தோண்டி அதை வேறு பக்கத்தில் எழுதுகிறோம், மேல் மணல் கணக்கோடு கலப்பதில்லை.

இறந்த ஆமையைக் கண்டால்

2021 மே, ஜூனில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்துக் கரையொதுங்கின, டொல்பின்களும் திமிங்கிலங்களும்கூட. அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பாலும் வலையில் சிக்கியும் ஆமைகள் ஒவ்வொரு வருடமும் சாவதுண்டு. அப்படியானால் சாதாரண வருடத்து ஜூனில் எங்கள் கரைக்கு எத்தனை வரும்? மணிக்கு வந்த அதே கேள்வி ஆமைக்கும் வந்தது. அதனால் கொப்பியின் பின்பக்கத்தில் விலங்குகளுக்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறோம். அதிலும் பெரும்பாலும் பூச்சியம்தான்.

உடலைத் தொடாதீர்கள், புரட்டாதீர்கள், வெட்டிப் பார்க்காதீர்கள், புதைக்காதீர்கள். பக்கத்தில் சட்டத்தையோ நாடாவையோ அளவுக்கு வைத்து மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலையை ஒன்று என்று படமெடுங்கள். நேரம், இடம், ஓட்டின் நீளம், உடல் புதிதா அழுகியதா, வலையோ கயிறோ சுற்றியிருக்கிறதா என்று எழுதுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992இல் சொல்லுங்கள். எதனால் செத்தது என்பதை மிருக வைத்தியர் உடலைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும், கரையில் நிற்கும் நாம் அல்ல. "மணி தின்றுதான் செத்தது" என்று படத்தோடு எழுதி அனுப்ப மனம் வரும். தயவுசெய்து வேண்டாம். ஓட்டுத் துண்டைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதீர்கள், கடலாமைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

உயிரோடு கரையில் கிடந்தால் கடலுக்குள் தள்ளாதீர்கள். நிழல் செய்து, நாய்களை விலக்கி, கூட்டத்தைத் தள்ளி நிறுத்தி, அதே இலக்கத்துக்கு அழையுங்கள்.

கப்பல் விபத்து நடந்தால்

அந்த வாரம் நீங்கள் கரைக்கு இறங்கக் கூடாது. எக்ஸ்-பிரஸ் பேர்ளில் 1,486 கொள்கலன்கள் இருந்தன, 25 தொன் நைத்திரிக் அமிலமும் எரிபொருள் எண்ணெயும் இருந்தன. ஒதுங்கிய பெட்டிகளையும் பொதிகளையும் எடுத்துப் போன சனங்களைப் பொலிஸார் எச்சரிக்க வேண்டி வந்தது. எந்தக் கொள்கலனில் என்ன என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. தெரியாத திரவம் தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றி நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே 1990 அம்புலன்சை அழையுங்கள். ஒதுங்கிய பொருளைக் கண்டால் தூர நின்று படமெடுத்து 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

ஆனால் விபத்து தூரத்தில் என்றால் கதை வேறு. 2025 மே 25இல் எம்.எஸ்.சி. எல்சா 3 கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த மணிகள் முதலில் கேரளாவிலும் கன்னியாகுமரிப் பக்கமும் ஒதுங்கின, ஜூனில் மன்னார் பக்கம் எங்கள் நாட்டுக் கரைக்கும் வந்தன. செய்தி கேட்ட அடுத்த நாளே போயாவுக்குக் காத்திராமல் ஒரு தடவை எண்ணினோம். வெள்ளவத்தை வரை வரும் என்று நினைக்கவில்லை. வந்தால் வருவதற்கு முந்திய எண் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் போனோம். 2021இல் எங்களுக்குக் கிடைக்காத அந்த நாட்கள் 2025இல் கிடைத்தன.

கரையைத் துப்புரவாக்குகிறவர்கள் வருவதற்கு முன் எண்ண முடிந்தால் நல்லது. அதிகாரிகள் அனுமதித்த பிறகு, கையுறையோடும் முகக்கவசத்தோடும், வளர்ந்தவர்கள் மட்டும்.

2025 ஜூலை 24இல் உயர் நீதிமன்றம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் வழக்கில் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. கடலுக்கு, உயிர்களுக்கு, மீனவர்களுக்கு எவ்வளவு இழப்பு என்று கேட்டு வாதாடிய வழக்கு. இவ்வளவு என்று ஒருவர் சொல்வதற்கு, முன்பு எவ்வளவு இருந்தது என்று வேறொருவர் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கொப்பி சொல்லாதவை

"ரீச்சர், மீன் சாப்பிடலாமா?" இதைத்தான் ஒழுங்கையில் எல்லாரும் கேட்கிறார்கள். மணலில் எண்ணிய மணி அதற்குப் பதில் சொல்லாது. மீனின் தசையை ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும், அது வேறு வேலை. 2021இல் மீன்பிடித் தடையாலும் பயத்தாலும் தெஹிவளைப் பக்கத்து மீனவக் குடும்பங்கள் பட்ட கஷ்டத்தைக் கண்ணால் கண்டேன். நம் கையில் இருக்கும் எண்ணை அது சொல்லாத விஷயத்துக்கு இழுத்தால், அந்த வீடுகளில்தான் முதலில் அடுப்பு அணையும்.

ஒரு வருடக் கணக்குச் சேர்ந்ததும், எப்படி எண்ணினோம் என்ற இரண்டு பக்கக் குறிப்போடு பிரதி எடுத்து, கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கும் மட்டக்குளி காக்கைத்தீவில் இருக்கும் நாரா என்ற அரச நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கொடுங்கள். முறையை எழுதாத எண்ணை ஆராய்ச்சியாளர் பாவிக்க முடியாது. சட்டத்தின் அளவு, ஆழம், இடத்தின் இரண்டு முனை, வடியின் கண் அளவு, எத்தனை பேர் எண்ணினார்கள், எல்லாம் வேண்டும்.

எண்ணிய மணிகளை எறியாதீர்கள். நிறம் நிறமாக அலுமினியத் தாளில் சுற்றிக் கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் டப்பாவின் இரசாயனம் மணிக்குப் போகும். திகதியையும் சட்டத்தின் மீற்றரையும் பென்சிலால் ஒரு காகிதத் துண்டில் எழுதி உள்ளே போடுங்கள். வெளியே ஒட்டிய தாள் எங்கள் காற்றின் ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. என் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஜாம் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன, சிலவற்றில் காகிதத் துண்டு மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து வாளி, வடி, வலை எல்லாவற்றையும் கழுவும்போது தண்ணீரை நேரே வடிகானில் ஊற்றாதீர்கள். பழைய பருத்தித் துணி ஒன்றை வாளி வாயில் கட்டி அதனூடாக ஊற்றி, துணியில் நிற்பதைக் குப்பையில் போடுங்கள். எங்கள் ஒழுங்கை வடிகான் கால்வாய்க்குப் போகிறது, கால்வாய் அதே கரைக்கு வருகிறது.